டிராகுலாவை எழுதிய குமாஸ்தா



போன மாதம் முழுக்க எங்கள் வகுப்பில் ஒரு புத்தகம் பெஞ்சு பெஞ்சாகக் கைமாறிக்கொண்டே இருந்தது. ஸ்டெபனி மேயர் எழுதி 2005-ல் வெளிவந்த ட்வைலைட் நாவல். கூடப் படிக்கிற அழகான பையன் உண்மையில் ரத்தக்காட்டேரி, ஆனால் பள்ளிக்கூடத்தில் யாருக்கும் அது தெரியாது என்பதுதான் கதை. படித்து முடித்தவர்கள் எல்லாரும் ஒரு வாரத்துக்குப் பக்கத்து பெஞ்சில் இருப்பவர்களை ஒரு தினுசாகப் பார்த்துக்கொண்டே திரிந்தார்கள். மத்தியானச் சாப்பாட்டில் பூண்டு ஊறுகாய் வேண்டாம் என்று சொன்ன ஒரே காரணத்துக்காக ஒரு பையனுக்குக் காட்டேரி என்றே பட்டப்பெயர் வந்துவிட்டது. பாவம், அவனுக்கு வயிற்றுப்புண்.

எனக்கு வேறொரு சந்தேகம். எங்க ஆயா கதையில் வரும் காட்டேரி புளியமரத்தில் இருக்கும், சுடுகாட்டுப் பக்கம் சுற்றும், ராத்திரி பன்னிரண்டு மணிக்கு மேல்தான் வெளியே வரும். அது சட்டை மாட்டிக்கொண்டு, டிக்கெட் எடுத்து, ரயிலேறி டவுனுக்கு வந்து நம்மோடு நம்மாக உட்காராது. அப்படியென்றால் மனுசங்களுக்கு நடுவில் மனுசன் மாதிரியே ஒளிந்திருக்கிற காட்டேரி எங்கிருந்து வந்தது?

தேடிப் பார்த்தேன். 1819-ல் ஜான் பொலிடோரி என்ற இளம் டாக்டர், லண்டன் பிரபுக்களின் விருந்துகளில் நடமாடும் ஒரு காட்டேரியைப் பற்றிக் கதை எழுதியிருக்கிறார். 1872-ல் ஷெரிடன் லெ ஃபானு என்பவர், ஒரு வீட்டில் விருந்தாளியாகத் தங்கும் காட்டேரிப் பெண்ணைப் பற்றிக் கார்மில்லா என்ற கதையை எழுதியிருக்கிறார். ஆனால் உலகத்துக்கே தெரிந்த பெயர் என்றால் 1897-ல் வந்த டிராகுலாதான். அதை எழுதியவர் பிராம் ஸ்டோக்கர். பேயைப் பற்றி எழுதியவர் ஆச்சே, மாந்திரீகர் மாதிரி ஒருத்தராக இருப்பார் என்று நினைத்துத்தான் அவர் வாழ்க்கையைப் படிக்க ஆரம்பித்தேன். அங்கே இருந்தது ஓர் ஆபீஸ் குமாஸ்தா. அப்புறம் ஒரு நாடகக் கம்பெனி மேனேஜர்.

நம் பள்ளி ஆண்டு விழா நாடகத்துக்கு மூன்று வருடமாகத் திரை இழுப்பது நான்தான். உங்களில் பாதிப் பேருக்கு இது தெரிந்திருக்காது. அதனால் இவர் கதையை நான் எழுதுவதுதான் பொருத்தம் என்று தோன்றியது.

ஸ்டோக்கர் பிறந்தது 1847 நவம்பர் 8-ஆம் தேதி, அயர்லாந்தில் டப்ளின் நகரை ஒட்டிய க்ளான்டார்ஃப் என்ற கடலோரப் பகுதியில். அப்பா பெயரும் ஆபிரகாம், பிள்ளை பெயரும் ஆபிரகாம். அதைச் சுருக்கித்தான் பின்னாளில் பிராம் என்று ஆயிற்று. ஏழு குழந்தைகளில் மூன்றாவது. அவர் பிறந்த வருடம் அயர்லாந்துக்கு ரொம்பக் கொடுமையான வருடம். உருளைக்கிழங்குப் பயிரில் நோய் விழுந்து பெரும் பஞ்சம். அந்தச் சில வருடங்களில் சுமார் 10 லட்சம் பேர் செத்தார்கள், அதே அளவு பேர் கப்பலேறி ஊரைவிட்டே போனார்கள். ஸ்டோக்கர் வீட்டுக்கு அந்தப் பட்டினி வரவில்லை. அப்பாவுக்கு டப்ளின் கோட்டையில், அதாவது அரசு அலுவலகத்தில், குமாஸ்தா வேலை. மாதச் சம்பளம் வந்துகொண்டிருந்தது.

ஆனால் வேறொரு கஷ்டம் வந்தது. ஏழு வயது வரை இந்தப் பிள்ளை எழுந்து நிற்கவே இல்லை. படுக்கைதான். என்ன நோய் என்று டாக்டர்கள் யாரும் சொல்லவில்லை. மற்ற பிள்ளைகள் கடற்கரையில் விளையாடிக்கொண்டிருக்க, இவர் ஜன்னலைப் பார்த்தபடி படுத்திருப்பார். பக்கத்தில் அம்மா ஷார்லட் கதை சொல்வார்.

சாதாரணக் கதையா என்றால், இல்லை. அம்மா பிறந்து வளர்ந்தது ஸ்லைகோ என்ற ஊர். 1832-ல், அந்த அம்மாவுக்குப் பதினாலு வயது இருக்கும்போது, அங்கே காலரா வந்தது. சாவு எவ்வளவு வேகமாக வந்தது என்றால், உயிர் போய்விட்டதா இல்லையா என்று சரியாகப் பார்க்காமலே புதைத்திருக்கிறார்கள். நல்ல உயரமான ஒரு ராணுவக்காரர். செத்துவிட்டார் என்று சவப்பெட்டியில் வைத்தால் பெட்டி சின்னதாக இருக்கிறது. காலை உடைத்து மடக்கி வைக்கலாம் என்று சுத்தியலால் ஒரு அடி போட்டதும் ஆள் எழுந்து உட்கார்ந்துவிட்டாராம்! இதையெல்லாம் கேட்டு வளர்ந்த பிள்ளை பின்னால் பெட்டியிலிருந்து எழுந்து வரும் ஒருவனைப் பற்றி எழுதினால் அதில் ஆச்சரியப்பட என்ன இருக்கிறது? பெரியவரான பிறகு அம்மாவிடம் கேட்டு அந்தக் காலராக் கதையை எழுதியே வாங்கி வைத்துக்கொண்டார்.

ஏழு வயதுக்கு மேல் எழுந்தவர் அப்புறம் உட்காரவே இல்லை என்றுதான் சொல்ல வேண்டும். 1864-ல் டப்ளின் ட்ரினிட்டி கல்லூரியில் சேர்ந்தபோது ஆறடிக்கு மேல் உயரம், சிவப்பு முடி, மலை மாதிரி உடம்பு. நடைப்போட்டியில் பரிசு, பளு தூக்குவதில் பரிசு. கல்லூரியின் இரண்டு பெரிய மன்றங்களுக்கும் தலைமைப் பொறுப்பு. நிற்க முடியாத பிள்ளை ஓட்டக்காரர் ஆன கதையை நம் பி.டி. சார் கேட்டால் காலைப் பிரேயரில் சொல்லாமல் விடமாட்டார்.

படிப்பு முடிந்ததும் அப்பா காட்டிய வழியிலேயே அதே டப்ளின் கோட்டையில் குமாஸ்தா வேலை. ஃபைல், பேரேடு, முத்திரை, தேதி. காலை முதல் மாலை வரை இதுதான். ஆனால் ராத்திரியில் ஆள் நாடகக் கொட்டகையில் இருப்பார். ஒரு நல்ல நாடகத்தைப் பற்றி உள்ளூர்ப் பத்திரிகையில் ஒரு வரிகூட வரவில்லையே என்ற கோபத்தில், 1871-ல் நேராக ஒரு பத்திரிகை ஆபீசுக்குப் போய் நானே விமர்சனம் எழுதித் தருகிறேன் என்று சொன்னார். சம்பளம் தரமுடியாது என்றார்கள். பரவாயில்லை என்று எழுதினார். இதில் ஒரு வேடிக்கை. அந்தப் பத்திரிகையின் பங்குதாரர்களில் ஒருவர்தான் கார்மில்லா எழுதிய லெ ஃபானு.

இந்தக் காலத்து விஷயம் ஒன்று எனக்கு ரொம்பப் பிடித்தது. அமெரிக்கக் கவிஞர் வால்ட் விட்மனை ஸ்டோக்கருக்கு உயிர். கல்லூரியில் விட்மனைக் கேலி செய்தவர்களோடு சண்டையே போட்டிருக்கிறார். 1872-ல் ஒரு ராத்திரி உட்கார்ந்து, தன் உயரம், எடை, குணம், மனசில் உள்ளது எல்லாவற்றையும் கொட்டி விட்மனுக்கு ஒரு நீளமான கடிதம் எழுதினார். எழுதிவிட்டுத் தபாலில் போடத் தைரியம் வரவில்லை. மேசைக்குள் வைத்துவிட்டார். ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை, 4 வருடம்! 1876-ல்தான் இன்னொரு கடிதத்தோடு சேர்த்து அனுப்பினார். விட்மன் சந்தோஷப்பட்டு உடனே பதில் போட்டார். பிற்பாடு அமெரிக்கா போனபோது நேரிலும் பார்த்துப் பேசினார்கள். (மேசைக்குள் கடிதம் வைத்திருப்பவர்கள் இந்தப் பத்தியை இரண்டு தடவை படிக்கவும். யாரென்று நான் சொல்லமாட்டேன்.)

அதே 1876-ல்தான் அவர் வாழ்க்கையைத் திருப்பிப் போட்ட ஆள் வந்தார். ஹென்றி இர்விங். அந்தக் காலத்து இங்கிலாந்தின் பெரிய நடிகர். டப்ளினில் ஹாம்லெட் நாடகம் போட்டார். ஸ்டோக்கர் எழுதிய விமர்சனத்தைப் படித்துவிட்டு இவரை விருந்துக்குக் கூப்பிட்டார். சாப்பாடு முடிந்ததும், கொலை செய்துவிட்டு மனசாட்சியால் துடிக்கிற ஒரு வாத்தியாரைப் பற்றிய கவிதையை இர்விங் நடித்துக் காட்டினார். அதைக் கேட்ட ஸ்டோக்கர், அத்தனை பெரிய உடம்புக்காரர், அழுது மயங்கிச் சரிந்தேவிட்டார். அன்றைக்கு ஆரம்பித்த சிநேகம் 1905-ல் இர்விங் சாகும்வரை நீடித்தது. சிநேகம் என்று சொல்வதா, சேவகம் என்று சொல்வதா என்று எனக்குக் குழப்பமாகத்தான் இருக்கிறது.

1878 கடைசியில் லண்டனில் லைசியம் என்ற பெரிய நாடக அரங்கை இர்விங் எடுத்து நடத்த ஆரம்பித்தார். மேனேஜராக வா என்று இவரைக் கூப்பிட்டார். ஸ்டோக்கர் பென்ஷன் உள்ள அரசு வேலையை ராஜினாமா செய்தார். நம்ம வீட்டில் என்றால் என்ன நடந்திருக்கும், யோசித்துப் பாருங்கள். கல்யாணத் தேதியைக்கூட முன்னால் தள்ளிவைத்து டிசம்பர் 4-ஆம் தேதி ஃப்ளாரன்ஸ் பால்கம் என்ற பெண்ணை மணந்துகொண்டு, சில நாளிலேயே மனைவியோடு இர்விங்கிடம் போய்ச் சேர்ந்துவிட்டார். (இந்த ஃப்ளாரன்ஸை முன்னால் விரும்பியவர் பெரிய எழுத்தாளரான ஆஸ்கர் வைல்ட்.) அடுத்த வருடம் பிறந்த மகனுக்கும் இர்விங் என்றே பெயர் வைத்தார். மகனுக்கு அது பிடிக்கவில்லை போலிருக்கிறது, நோயல் என்ற தன் இன்னொரு பெயரைத்தான் பயன்படுத்தினார்.

குமாஸ்தா வேலையை விட்டாரே தவிர குமாஸ்தா புத்தி போகவில்லை. 1879-ல் அவர் எழுதிய ஒரு புத்தகம் வெளிவந்தது. பேய்க்கதை இல்லை. அயர்லாந்தின் சிறு நீதிமன்றங்களில் வேலை பார்க்கும் குமாஸ்தாக்களின் கடமைகள் என்னென்ன என்பதைப் பற்றிய கையேடு! எந்தக் காகிதத்தை எங்கே வைப்பது, எதைப் பதிவது என்ற விஷயங்கள். சிரிக்காதீர்கள், இந்தக் கையேட்டுக்குக் கொஞ்ச நேரத்தில் திரும்பி வருவேன்.

லைசியத்தில் அவர் செய்யாத வேலை இல்லை. டிக்கெட் கணக்கு, நடிகர் சம்பளம், விளம்பரம், அமெரிக்கப் பயணத்துக்குக் கப்பல் டிக்கெட், செட்டு சாமான்களை ஏற்றி இறக்குவது, இர்விங்குக்கு வரும் கடிதங்களுக்கெல்லாம் அவர் சார்பில் பதில். ராத்திரி வாசல் படிக்கட்டில் நின்று பெரிய மனிதர்களை வரவேற்பதும் இவரே. நாடகம் முடிந்து விருந்து, விருந்து முடிந்து விடியற்காலையில் வீடு. திரை விலகினால் கைதட்டு இர்விங்குக்கு. அது நியாயம்தான், நடித்தவர் அவர். ஆனால் கயிறு பிடித்திருக்கும் ஆளுக்கும் கை வலிக்கும் என்பது எனக்குத் தெரியும்.

அந்த விருந்துகளில் ஸ்டோக்கர் சந்தித்த ஒருவரைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். ரிச்சர்ட் பர்ட்டன் என்ற ஊர்சுற்றி. இந்தியாவில் ராணுவத்தில் இருந்தவர். நம்ம விக்கிரமாதித்தன் வேதாளம் கதையை 1870-ல் இங்கிலீஷில் புத்தகமாகப் போட்டவர் அவர்தான். வேதாளம் என்ற வார்த்தைக்கு அவர் போட்ட இங்கிலீஷ் வார்த்தை என்ன தெரியுமா? வேம்பயர்! மரத்தில் தொங்கும் நம்ம வேதாளம் லண்டனில் காட்டேரியாக இறங்கியிருக்கிறது. பேசும்போது பர்ட்டனின் மேல் உதடு உயர்ந்து கோரைப்பல் முழுசாகப் பளிச்சென்று தெரிந்ததாம். ஸ்டோக்கர் இதை மறக்காமல் பின்னாளில் தன் நினைவுக் குறிப்பில் எழுதியிருக்கிறார். டிராகுலாவின் பல் எங்கிருந்து வந்திருக்கும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

1882-ல் தேம்ஸ் நதியில் படகில் போய்க்கொண்டிருந்தபோது ஒரு கிழவர் தற்கொலைக்காகத் தண்ணீரில் குதித்துவிட்டார். ஸ்டோக்கர் கோட்டைக் கழற்றிப் போட்டுவிட்டுக் குதித்து அவரை இழுத்து வந்தார். தன் வீட்டுக்கே தூக்கிக்கொண்டு போய், டாக்டரான தம்பியை வைத்துப் பார்த்தும் பிழைக்கவில்லை. இதற்காக அவருக்கு வெண்கலப் பதக்கம் கிடைத்தது. வீட்டுக்குள் ஒரு பிணத்தைக் கண்ட ஃப்ளாரன்ஸுக்கு எப்படி இருந்திருக்கும் என்பதைப் பதக்கம் கொடுத்தவர்கள் யோசித்திருக்க மாட்டார்கள்.

இத்தனைக்கும் நடுவில் எப்போது எழுதினார்? லீவில்தான். காட்டேரிக் கதைக்கு அவர் குறிப்பு எடுக்க ஆரம்பித்தது 1890 மார்ச் மாதம். புத்தகம் வந்தது 1897-ல். ஏழு வருடம்! ஹோட்டல் லெட்டர் பேடில், கிடைத்த தாளில் எல்லாம் கிறுக்கி வைத்திருக்கிறார். முதலில் காட்டேரிக்கு அவர் வைத்த பெயர் கவுண்ட் வாம்பிர். கேட்டாலே தெரிந்துவிடும், காட்டேரியார் என்று பெயர் வைத்த மாதிரி!

1890 கோடையில் குடும்பத்தோடு விட்பி என்ற மீன்பிடி ஊருக்கு லீவுக்குப் போனார். குன்றின் மேல் இடிந்த மடம், ஏறிப்போக 199 படிகள், படி முடிகிற இடத்தில் கடலைப் பார்த்த கல்லறைத் தோட்டம். மற்றவர்கள் கடலில் குளிக்கும்போது இவர் கல்லறைகளில் உள்ள பெயர்களை நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். கடலோரக் காவலரிடம் போய் ஊரில் நடந்த கப்பல் விபத்துகளை விசாரித்தார். 1885 அக்டோபரில் நார்வா துறைமுகத்திலிருந்து வந்த திமித்ரி என்ற ரஷ்யக் கப்பல், பாரத்துக்காக மணல் ஏற்றி வந்தது, புயலில் அங்கே கரைதட்டியது. நாவலில் டிராகுலா வந்து இறங்கும் கப்பல் டிமீட்டர், புறப்பட்ட துறைமுகம் வார்னா. நார்வாவின் எழுத்துகளை மாற்றிப் போட்டால் வார்னா! அந்த ஊர் நூலகத்தில் ருமேனியப் பகுதிகளைப் பற்றி வில்கின்சன் என்பவர் 1820-ல் எழுதிய புத்தகத்தை எடுத்துப் படித்தார். அதன் அடிக்குறிப்பில் டிராகுலா என்ற பெயர் இருந்தது. அந்த ஊர்ப் பாஷையில் அதற்குப் பிசாசு என்று பொருள் என்றும் போட்டிருந்தது. வாம்பிரை அடித்துவிட்டு டிராகுலா என்று எழுதினார்.

நிறையப் பேர் நினைப்பது போல, ஆட்களைக் கழுவேற்றிய விளாட் என்ற 15-ஆம் நூற்றாண்டு மன்னனின் கதையை அப்படியே எடுத்து எழுதவில்லை. பெயரையும் கொஞ்சம் வரலாற்றையும் மட்டும் எடுத்துக்கொண்டார். டிரான்சில்வேனியாவுக்கு அவர் வாழ்நாளில் ஒருதடவைகூடப் போனதில்லை. எல்லாம் நூலகத்தில் உட்கார்ந்து எழுதியதுதான்.

இப்போது என் முதல் சந்தேகத்துக்கு வருகிறேன். டிராகுலா தன் கோட்டையில் உட்கார்ந்து என்ன செய்கிறான் தெரியுமா? இங்கிலீஷ் படிக்கிறான்! ரயில் கால அட்டவணை, லண்டன் முகவரிப் புத்தகம், சட்டப் புத்தகம் எல்லாம் வாங்கி வைத்திருக்கிறான். அவன் பயமெல்லாம் சிலுவை, பூண்டு மட்டும் இல்லை. லண்டன் தெருவில் தான் வாய் திறந்ததும் வெளியூர்க்காரன் என்று யாராவது திரும்பிப் பார்த்துவிடுவார்களோ என்பதும்தான். வக்கீல் வைத்து முறைப்படி பத்திரம் எழுதி வீடு வாங்குகிறான். பட்டப்பகலில் லண்டன் தெருவில் தொப்பி போட்டு நிற்கிறான். ஆமாம், பகலில்! வெயில் பட்டால் காட்டேரி செத்துப்போகும் என்பது 1922-ல் வந்த சினிமா சேர்த்த சரக்கு. ஸ்டோக்கரின் டிராகுலாவுக்குப் பகலில் சக்தி குறையும், அவ்வளவுதான்.

இவ்வளவு கெட்டிக்காரத்தனமாக ஒளிந்தவனை எப்படிப் பிடிக்கிறார்கள்? இங்கேதான் நம்ம குமாஸ்தா வருகிறார். அந்த நாவல் முழுக்க டைரி, கடிதம், தந்தி, கப்பல் பதிவேடு, பத்திரிகைச் செய்தி. கதை சொல்ல ஆசிரியர் என்று ஒருவர் குறுக்கே வருவதே இல்லை. மினா என்ற பெண் அத்தனை காகிதங்களையும் தேதிவாரியாக அடுக்கி, தட்டச்சு செய்து, நகல் எடுத்து வைக்கிறாள். டிராகுலா தன் ஊர் மண்ணை நிரப்பி அனுப்பிய 50 பெட்டிகள் எங்கெங்கே இறங்கின என்பதைச் சுமை வண்டிக்காரர்களின் கணக்கை வைத்துக் கண்டுபிடிக்கிறார்கள். 49 கிடைத்துவிட்டது, ஒன்று மட்டும் கப்பலில் திரும்பிப் போகிறது என்று துரத்துகிறார்கள். மினாவுக்கு ரயில் நேரமெல்லாம் மனப்பாடம். படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. அந்தக் கையேட்டை எழுதிய கைதான் இதையும் எழுதியிருக்கிறது. மந்திரம் போட்டுப் பிடிக்கவில்லை, ஃபைல் போட்டுப் பிடித்திருக்கிறார்கள்!

1897 மே 18-ஆம் தேதி, புத்தகம் வெளிவர ஒரு வாரம் இருக்கும்போது, நாடக உரிமை கைவிட்டுப் போகாமல் இருப்பதற்காக லைசியம் மேடையில் அதை நாடகமாக வாசிக்க வைத்தார். நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடியது. டிக்கெட் வாங்கிப் பார்த்தவர்கள் 2 பேர் என்பார்கள். டிராகுலா வேடத்தை இர்விங் போடவேண்டும் என்பது ஸ்டோக்கரின் ஆசை. இர்விங் அன்றைக்கும் நடிக்கவில்லை, கடைசிவரை நடிக்கவே இல்லை. அந்தக் காட்டேரிப் பிரபுவே இர்விங்கைப் பார்த்து எழுதியதுதான், எதிரில் இருப்பவர் உயிரை உறிஞ்சும் முதலாளிதான் என்று சில ஆராய்ச்சியாளர்கள் சொல்கிறார்கள். நான் பாதி நம்புகிறேன்.

மே 26-ல் மஞ்சள் அட்டை, சிவப்பு எழுத்து, விலை 6 ஷில்லிங் என்று புத்தகம் வந்தது. கடைசி நேரம் வரை அதன் பெயர் சாகாத பிணம் என்ற பொருளில் வேறாக இருந்தது. விமர்சனங்கள் பரவாயில்லை. விற்பனையும் பரவாயில்லை ரகம். காலராக் கதை சொன்ன அம்மா அப்போதும் உயிரோடு இருந்தார். மேரி ஷெல்லியின் ஃபிராங்கன்ஸ்டைனுக்குப் பிறகு இப்படி ஒன்று வந்ததில்லை, உனக்குப் பெரிய பேரும் பணமும் வரும் என்று மகனுக்குக் கடிதம் போட்டார். பேர் விஷயத்தில் அம்மா சொன்னது பலித்தது, ஆனால் ரொம்ப லேட்டாக. பணம் வரவேயில்லை.

அடுத்த வருடம் பிப்ரவரியில் லைசியத்தின் சாமான் கிடங்கில் தீப்பிடித்து, 40-க்கும் மேற்பட்ட நாடகங்களின் செட்டுகள் சாம்பலாகின. செலவை மிச்சம் பிடிக்க இன்சூரன்ஸ் தொகையைக் குறைக்கச் சொல்லியிருந்தார் இர்விங். அப்புறம் லைசியம் எழுந்திருக்கவே இல்லை. 1902-ல் கைவிட்டுப் போனது. 1905 அக்டோபர் 13-ஆம் தேதி பிராட்ஃபோர்டில் நாடகம் முடிந்து விடுதிக்கு வந்த இர்விங் அங்கேயே இறந்தார். ஏறக்குறைய 27 வருடம் கூடவே இருந்தவருக்கு அவர் உயிலில் ஒரு காசுகூட இல்லை. ஸ்டோக்கர் அதைப் பற்றி ஒரு குறையும் எழுதவில்லை. மாறாக, 1906-ல் இர்விங்கைப் பற்றி இரண்டு பாகமாகப் புகழ்ந்து புத்தகம் எழுதினார். நானாக இருந்தால் எழுதியிருக்க மாட்டேன்.

அதே வருடம் அவருக்குப் பக்கவாதம் வந்தது. பார்வையும் மங்கியது. அப்படியும் எழுதிக்கொண்டே இருந்தார், வேறு வருமானம் கிடையாது. 1911-ல் கஷ்டப்படும் எழுத்தாளர்களுக்கு உதவும் நிதிக்கு மனுப்போட்டு 100 பவுண்டு வாங்கினார். ஆயிரக்கணக்கான மனுக்களுக்குப் பதில் எழுதியவர் தனக்காக எழுதிய மனு அது. படிக்கும்போது எனக்குத் தொண்டை அடைத்தது. 1912 ஏப்ரல் 20-ஆம் தேதி லண்டனில் இறந்தார். வயது 64. டைட்டானிக் முழுகி 5 நாள்தான் ஆகியிருந்தது. பத்திரிகை முழுக்கக் கப்பல் செய்தி. டைம்ஸ் போட்ட மரணக் குறிப்பில் இவர் இர்விங்கின் நண்பர், இர்விங்கைப் பற்றி எழுதிய புத்தகத்தால்தான் நினைக்கப்படுவார் என்ற மாதிரி எழுதியிருந்தார்கள்.

மறு வருடம் ஃப்ளாரன்ஸ் பணத்துக்காகக் கணவரின் புத்தகங்களையும் காகிதங்களையும் ஏலத்தில் விட்டார். ஏழு வருடம் சேர்த்த டிராகுலா குறிப்புகள் போன விலை 2 பவுண்டு 2 ஷில்லிங். அவை இப்போது அமெரிக்காவில் ஃபிலடெல்ஃபியா நகரின் ரோசன்பாக் அருங்காட்சியகத்தில் பத்திரமாக இருக்கின்றன. 1922-ல் ஜெர்மனியில் முர்னாவ் என்ற இயக்குநர் அனுமதி கேட்காமல், பெயர்களை மட்டும் மாற்றி நோஸ்ஃபெராட்டு என்று படமாக எடுத்துவிட்டார். ஃப்ளாரன்ஸ் விடவில்லை. கேஸ் போட்டு, 1925-ல் அத்தனை பிரதிகளையும் அழிக்கத் தீர்ப்பு வாங்கினார். அழித்தார்கள். ஆனால் சில பிரதிகள் எங்கெங்கோ ஒளிந்து தப்பிவிட்டன! 1931-ல் பெலா லுகோசி நடித்து டிராகுலா படம் வந்தபிறகு உலகத்தில் டிராகுலா தெரியாதவர் இல்லை. எழுதியவர் போய் 19 வருடம் ஆகியிருந்தது.

கடைசியாக ஒரு புதுச் செய்தி. டப்ளினில் ஒருவர், திடீரென்று காது கேட்காமல் போய் சிகிச்சையில் இருந்த காலத்தில், பொழுதைப் போக்க அயர்லாந்து தேசிய நூலகத்துக்குப் போய்ப் பழைய பத்திரிகைகளைப் புரட்டிக்கொண்டிருந்திருக்கிறார். 1890-ஆம் வருட கிறிஸ்துமஸ் மலர் ஒன்றில் ஸ்டோக்கர் எழுதிய ஒரு பேய்க்கதை. ஜிப்பெட் ஹில் என்று பெயர். 130 வருடத்துக்கு மேல் அப்படி ஒரு கதை இருப்பதே யாருக்கும் நினைவில் இல்லை. இப்போது புத்தகமாகவே வந்துவிட்டது.

நம் நூலகத்தில் டிராகுலா ஒரே ஒரு பிரதிதான் இருக்கிறது. அது இப்போது என்னிடம் இருக்கிறது. வரும் திங்கட்கிழமை திருப்பிக் கொடுத்துவிடுவேன். அடுத்து வேண்டும் என்பவர்கள் நூலகர் மேசையில் உள்ள நோட்டில் பெயர், வகுப்பு, தேதி எழுதி வைக்கவும். தேதியைக் கண்டிப்பாக எழுதுங்கள்.

11-ஆம் வகுப்பு, ‘ஆ’ பிரிவு